80 லிட்டர் பவளத் தொட்டியில் எந்த மீன்களை விடலாம்?

கேள்வி: மதுரையில் வீட்டில் 2 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி அமைத்து ஆறு வாரம் ஆகிறது. மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். சில மென்பவளங்கள் வைத்திருக்கிறேன். 2 கோமாளி மீன், 1 நீல டாங், 1 மாண்டரின், 4 நீல டாம்செல் விடலாமா?

பதில்: கோமாளி ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்று வகையையும் தவிர்த்துவிடுங்கள். கல், மணல் போக உங்கள் தொட்டியில் நிற்பது சுமார் 70 லிட்டர் தண்ணீர்தான். அதில் சிறு மீன் நான்கு, மிஞ்சினால் ஐந்து.

நீல டாங் கடையில் இரண்டு அங்குலமாக இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி. நாள் முழுக்க நீந்தும் மீன் அது, ஆறடித் தொட்டி கேட்கும். மாண்டரின் உருவத்தில் சிறியதுதான், ஆனால் அதன் இரை கல் இடுக்கில் ஊரும் நுண்ணிய கோப்பிபாட்கள். உங்கள் தொட்டியில் அவை சில வாரத்தில் தீர்ந்துவிடும். உலர் தீவனத்தைப் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. வயிறு ஒட்டி, மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும். டாம்செல் விலை குறைவு, எளிதில் சாகாது, அதனால் எல்லோரும் வாங்குகிறார்கள். ஆனால் கல்லைச் சொந்தமாக்கிக்கொண்டு புதிதாக வரும் மீனையெல்லாம் விரட்டிக் கடிக்கும். பிறகு அதைப் பிடிக்க அடுக்கிய கல், ஒட்டிய பவளம் எல்லாவற்றையும் கலைக்க வேண்டும்.

மாற்றாக ஒரு வாட்ச்மேன் கோபி, ஒரு டெயில்ஸ்பாட் பிளென்னி, ஒரு ஃபயர்ஃபிஷ் எடுங்கள். கோபி மணலடியில், பிளென்னி கல்மேல், ஃபயர்ஃபிஷ் நடுநீரில் என்று ஆளுக்கோர் இடம் இருப்பதால் சண்டை குறையும். கோபியோடு ஒரு பிஸ்டல் இறாலையும் விட்டால் இறால் வளை தோண்ட, கோபி வாசலில் காவல் நிற்கும். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஃபயர்ஃபிஷ் துள்ளி வெளியே விழும், வலைமூடி கட்டாயம்.

கோமாளியில் ஒன்றைப் பெரிதாகவும் ஒன்றைச் சிறிதாகவும் வாங்குங்கள். எல்லாம் ஆணாகவே வளரும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். பெரியது நெருங்கும்போது சிறியது உடலைச் சாய்த்து நடுங்கினால், அடங்கிவிட்டது என்று பொருள், ஜோடி சேர்ந்துவிடும். ஒரே அளவில் இரண்டு எடுத்தால் யார் பெரியவர் என்ற அடிதடி நீளும். குஞ்சு பொரிப்பக மீனாகவே கேட்டு வாங்குங்கள். இதன் தொழில்நுட்பம் மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி மையத்திலேயே இருக்கிறது. கோமாளி கடலில் தங்கும் கடல் சாமந்தி (அனிமோன்) வேண்டாம். அது இல்லாமலே கோமாளி நன்றாக வாழும். சாமந்தியோ நகர்ந்துபோய் பம்பில் சிக்கி, ஒரே இரவில் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

கடற்குதிரை, கடலில் எடுத்த கல்பவளம் யார் தந்தாலும் வாங்காதீர்கள். இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை.

கடையில் உங்கள் கண்முன் தீவனம் போடச் சொல்லுங்கள். தின்னாத மீன், தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டிய மீன், மூச்சு வாங்கும் மீன் எதுவும் வேண்டாம். வீட்டில் 40 லிட்டர் டப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் போட்டு நான்கு வாரம் தனியே வையுங்கள். வெண்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் அங்கே செம்பு மருந்து ஊற்ற முடியாது, பவளமும் இறாலும் செத்துவிடும். மீன்களை வெளியே எடுத்து, தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் விட வேண்டியதுதான்.

மதுரை வெயிலில் உங்களுக்குப் பெரிய சிக்கல் ஆவியாதல். 70 லிட்டரில் 4 லிட்டர் ஆவியானால் உப்பு ஆயிரத்துக்கு 35 என்பதிலிருந்து 37 ஆகிவிடும். ஆவியானது வெறும் நீர், உப்பு அப்படியே நிற்கிறது. எனவே தினமும் கோடு போட்ட மட்டம்வரை ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றுங்கள், உப்புநீர் அல்ல. வெப்பம் 25 முதல் 27 டிகிரி. தொட்டிக்கு மேலே விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் ஆவியாதலும் கூடும். கோடையில் 29க்குக் கீழே வராவிட்டால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கித்தான் ஆக வேண்டும். வாரம் 7 லிட்டர் உப்புநீர் மாற்றினால் போதும்.

விடும் வரிசையும் முக்கியம். முதலில் பயந்த சுபாவமுள்ள ஃபயர்ஃபிஷ், இரண்டு வாரம் கழித்து கோபி, பிறகு பிளென்னி, கடைசியாகக் கோமாளி ஜோடி. ஒவ்வொரு தடவையும் மறுநாளும் நான்காம் நாளும் அமோனியா பாருங்கள். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் தெரிந்தால் தீவனத்தைப் பாதியாக்கி 10 லிட்டர் உப்புநீர் மாற்றுங்கள். பூஜ்யத்துக்குத் திரும்பும்வரை அடுத்த மீனை விட வேண்டாம்.