சிட்டுவுக்குப் போட்ட ஊசி

அன்புள்ள ஐயா,

மதுரை செல்லூரில் வசிக்கிறேன். எங்கள் வீட்டுப் பூனை சிட்டுவுக்கு 13 வயது. இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. தோலுக்கடியில் சலைன் ஏற்றிப் பார்த்தோம். கடைசி நாட்களில் தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே குறுகி உட்கார்ந்தே இருந்தாள். மீனைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் சொன்னபடி ஊசி போட்டு அனுப்பிவைத்தோம். அவள் கண்ணை மூடவேயில்லை. எல்லாம் முடிந்தது என்று டாக்டர் சொன்ன பிறகும் ஒருமுறை வாயைத் திறந்து மூச்சிழுத்தாள். அதை மறக்க முடியவில்லை. பூனையைக் கொன்ற பாவம் சும்மா விடாது என்கிறார் அத்தை. அவசரப்பட்டுவிட்டேனா? ஏழு வயது மகளிடம் சிட்டு ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, செல்லூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அவசரப்படவில்லை. பூனைக்குச் சிறுநீரக நோய் வெளியே தெரியத் தொடங்கும்போதே சிறுநீரகங்களின் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். போனது திரும்பாது. சலைன் கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். பிறகு கழிவு ரத்தத்திலேயே தங்கிக் குமட்டலை உண்டாக்கும், வாயில் புண் வரும். பூனை வலியை மறைத்துக்கொள்ளும் பிராணி. அதுவே ஒரு மூலையில் குறுகி உட்கார்ந்து மீனை மறுக்கிறது என்றால், மிச்சமிருந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று எண்ணிப் பாருங்கள். இன்னும் ஒரு வாரம் வைத்திருந்தால் அந்த வாரம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். சிட்டுவுக்கு வேதனைதான் கிடைத்திருக்கும்.

உங்களை உறங்கவிடாத அந்த மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊசி அளவுக்கு மீறிய மயக்க மருந்து. முதலில் நினைவு போகிறது. அதன் பிறகே மூச்சும் இதயமும் நிற்கின்றன. நினைவு முற்றிலும் போன பிறகும் உடம்பு தானாக ஒருமுறை மூச்சிழுக்கலாம், கால் துடிக்கலாம். அப்போது வலியை உணர அங்கே சிட்டு இல்லை. இறந்த பூனையின் கண்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். இமையை மூடுவதற்கும் தசை வேலை செய்ய வேண்டுமே. அவள் உங்களைக் குற்றம்சாட்டிப் பார்க்கவில்லை, அம்மா. இதை அன்றே உங்களுக்கு யாராவது விளக்கியிருக்க வேண்டும்.

பூனையைக் கொல்வது பாவம் என்று பெரியவர்கள் சொன்னதை நான் மதிக்கிறேன். பால் சட்டியை உருட்டிய பூனையின் மேல் கல்லெறிய ஓங்கிய கையைத் தடுத்த சொல் அது. நோயில் கிடந்தவளை மடியில் வைத்துக்கொண்டு சலைன் ஏற்றிய உங்கள் கைக்கு அது பொருந்தாது. அத்தையிடம் இதைப் பணிவாகவே சொல்லுங்கள்.

ஒரு பூனைக்காக இப்படி அழலாமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் கோயில் காளை இறந்தால் ஊரே திரண்டு மாலை போட்டு, மேளத்தோடு கொண்டுபோய் அடக்கம் செய்கிறது. பெரிய மீசைக்காரர்களும் தேம்பி அழுவார்கள். ஒரு மாட்டுக்கா இத்தனை என்று அங்கே எவரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் 13 ஆண்டுகள் வளர்ந்தவளுக்கு நீங்கள் தாராளமாக அழுங்கள்.

மகளிடம் மட்டும் தாமதிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஊருக்குப் போனவள் என்றால் குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். தூங்கவைத்துவிட்டோம் என்றும் சொல்ல வேண்டாம், தூங்கவே பயப்படுவாள். தீராத நோய் வந்தது, வலி அதிகமானது, டாக்டர் உதவியோடு சிட்டு இறந்துபோனாள், இனி வரமாட்டாள் என்று சொல்லுங்கள். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டால் அழைத்துப்போய்க் காட்டுங்கள்.