கால்வாய்க் கரையில் வீடு: பக்கத்து வீட்டார் ஆட்சேபித்தால்?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில், கால்வாயோரமாக அப்பா விட்டுப்போன 9 பேர்ச் காணி. பழைய வீட்டை இடித்து இரண்டு மாடி கட்ட விண்ணப்பித்தோம். கால்வாய்ப் பக்கம் போதிய இடம் விடவில்லை, தங்கள் வீட்டுப் பார்வையும் மறைகிறது என்று பக்கத்து வீட்டார் மாநகர சபைக்கு எழுதிவிட்டார்கள். கோப்பு நகரவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். முதலில் அந்தக் கடிதத்தில் இருக்கும் இரண்டு முறைப்பாடுகளையும் பிரித்துப் பாருங்கள். பார்வை மறைகிறது என்பது சட்டத்தில் நிற்பது கடினம். காணி உறுதியில் அப்படியொரு உரிமை எழுதியிருந்தால் மட்டுமே அதற்குப் பலம். இரண்டு வீட்டு உறுதிகளையும் சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள், போதும்.

கால்வாய் ஒதுக்கு, அதாவது கரையோரம் கட்டாமல் விடவேண்டிய நிலம், அப்படியல்ல. அதில் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். 2010 நவம்பரில் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கும். அப்படி நேராமலிருக்கக் கால்வாயைத் தூர்வார வேண்டும்; அதற்கு இயந்திரம் இறங்கக் கரையில் இடம் வேண்டும், அதை எந்த அதிகாரியும் விட்டுக்கொடுக்க மாட்டார். உங்களிடம் இருப்பது அப்பா காலத்து நில அளவை வரைபடமாக இருந்தால் அதை நம்பி வாதாடாதீர்கள். கரை அன்றிருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும் என்பதில்லை. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து, ஒதுக்கு எல்லை எதுவென்று காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

பலர் தவறவிடும் இன்னொன்று: கரையோர வலயம் கடலிலிருந்து 300 மீற்றரோடு முடிவதில்லை. கடலில் கலக்கும் நீர்நிலைகளில் 2 கிலோமீற்றர் உள்ளே வரை அது வரும். காலி வீதிக்கு அப்பால் இருக்கிறோம் என்று நினைத்துவிடாமல், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவையா என்றும் கேளுங்கள்.

எல்லை தெரிந்ததும் கட்டடக் கலைஞரைக் கொண்டு வரைபடத்தைத் திருத்துங்கள். ஒரு அறை குறைந்தாலும் பரவாயில்லை. திருத்தியதை நீங்களே பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாளைக்கும் அவர்கள்தானே அயல். மதில் எல்லையில் பிணக்கு மிஞ்சினால் மத்தியஸ்த சபை இருக்கிறது, ஆனால் கால்வாய் ஒதுக்கை மாற்ற அதற்கு அதிகாரமில்லை.

அதற்குப் பிறகும் கோப்பு நின்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காரணத்தைக் கேளுங்கள். காரணமில்லாமல் மறுத்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரிகளைச் சட்டப்படி நடக்கப் பணிக்கும் உத்தரவு) கோரலாம், அதற்குத் தாமதிக்கக் கூடாது. தயவுசெய்து, அனுமதி கைக்கு வரும்வரை அத்திவாரம் வெட்டவேண்டாம். அனுமதியின்றி எழுப்பிய கட்டடத்தை இடிக்க நீதவான் நீதிமன்றம் உத்தரவிட முடியும்.