காதுக்கருவியோடு செவிலியர் படிப்பு: ஸ்டெதாஸ்கோப் பயம் வேண்டாம்

சகோதரி, செவிலியர் ஆக ஆசை, ஆனால் காதுக்கருவி அணியும் உங்களுக்கு ஸ்டெதாஸ்கோப் கேட்காது என்று வீட்டார் ஆய்வகப் படிப்புக்குத் தள்ளுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆய்வக வேலை அருமையானது. ஆனாலும் பயத்துக்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

உங்கள் செவித்திறன் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அதன் இடப்பக்கம் தாழ்ந்த ஒலிகளுக்கானது. இதய ஒலி பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வருகிறது. அங்கே கோடு மேலேயே இருந்தால், அதாவது தாழ்ந்த ஒலி நன்றாகக் கேட்டால், ஒலியைப் பெருக்கும் மின்னணு ஸ்டெதாஸ்கோப் போதுமானதாக இருக்கலாம். அங்கேயும் சரிந்திருந்தால், ஒலியலையைத் திரையில் காட்டும் வகை உண்டு. புளூடூத் வழியாகக் காதுக்கருவிக்கு அனுப்பும் வகையை மட்டும் சோதிக்காமல் வாங்காதீர்கள். காதுக்கருவிகள் பேச்சொலிக்காக அமைக்கப்பட்டவை; தாழ்ந்த ஒலியைப் பலவேளை விட்டுவிடும். செவித்திறன் நிபுணரிடம் இதற்கெனத் தனி அமைப்பு கேளுங்கள்.

குழந்தைகள் இதய மருத்துவர் ஹெலன் டாசிக் செவித்திறனை இழந்த பிறகு, விரல்களால் தொட்டே இதயத்துடிப்பை உணர்ந்தார். 1944இல் 'நீலக் குழந்தை'களுக்கு (பிறவி இதயக் குறையால் உடல் நீலம் பாரித்த குழந்தைகளுக்கு) நடந்த முதல் அறுவைசிகிச்சை அவருடைய யோசனை!

என் கவலையெல்லாம் முகக்கவசம்தான். நீங்கள் உதடசைவை நம்புபவர் என்றால் அறுவை அரங்கு கடினம். வார்டில் வாய்ப்பகுதி தெளிவாகத் தெரியும் முகக்கவசம் உதவும். சேரும் முன்பே கட்டாயத் திறன்களின் பட்டியலையும், மாற்றுக் கருவிகளை அனுமதிப்பார்களா என்பதையும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செவித்திறன் வரைபடத்தில் 250, 500 ஹெர்ட்ஸில் உங்கள் அளவு என்ன? எழுதுங்கள், எந்த வகைக் கருவி பொருந்தும் என்று சேர்ந்தே பார்ப்போம்.