டக்டில் வரும் ரீங்காரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு 300 × 300 மி.மீ. டக்டில் ஏ.சி. காற்று வருகிறது. விசிறி நேரடி மோட்டார், 960 ஆர்.பி.எம்., 8 இறக்கை. 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் ரீங்காரம். உள்ளே 25 மி.மீ. கண்ணாடிப் பஞ்சு ஒட்டியும் குறையவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெட்டி (குறுகிய கழுத்துள்ள மூடிய பெட்டி, ஒரே சுருதியை மட்டும் அடக்குவது) வைத்தால் போகும் என்கிறார்கள். என்ன அளவில் செய்வது?

பதில்: முதலில் விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். சத்தம் அக்கணமே அறுந்தால் அது மோட்டாரின் 100 ஹெர்ட்ஸ் மின் ரீங்காரம். மோட்டாருக்கு அடியிலுள்ள ரப்பர் மவுண்டையும் டக்டின் கேன்வாஸ் இணைப்பையும் பாருங்கள். சுருதி மெல்ல இறங்கி அடங்கினால் குற்றவாளி இறக்கைதான். 960 × 8 ÷ 60 = 128 ஹெர்ட்ஸ். இதன் அலைநீளம் இரண்டரை மீட்டருக்கும் மேல். 25 மி.மீ. பஞ்சை அது சட்டை செய்யாது. பஞ்சு 'ஸ்ஸ்' என்ற காற்றிரைச்சலுக்குத்தான் உதவும்.

பெட்டியை டக்டோடு இணைக்கும் கழுத்தை 50 மி.மீ. உள்விட்டம், 50 மி.மீ. நீளம் என்று வையுங்கள். கழுத்துக்குள் இருக்கும் காற்றோடு, இரு வாய்களுக்கும் வெளியே கொஞ்சம் காற்றும் சேர்ந்தே ஆடும். அதற்காக ஆரத்தின் 1.7 மடங்கைக் கூட்ட வேண்டும்: 50 + 42.5 = 92.5 மி.மீ. ஒலி வேகத்தை 6.283 × 128 ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, கழுத்துப் பரப்பை 92.5 மி.மீ. ஆல் வகுத்து வருவதோடு பெருக்கினால் பெட்டியின் கொள்ளளவு 3.8 லிட்டர் என்று வரும். கூட்டலை மறந்தால் 7 லிட்டர் என்று வரும்; அந்தப் பெட்டி 94 ஹெர்ட்ஸில் போய் நிற்கும். பெட்டி வேலை செய்யாமல் போக இதுவும் ஒரு காரணம்.

அடுத்த சறுக்கல் வெப்பநிலை. மேலே எடுத்துக்கொண்ட ஒலி வேகம் நொடிக்கு 340 மீட்டர். அது 14 டிகிரி காற்றுக்கானது. பட்டறையில் 30 டிகிரியில் சோதித்தால் அதே பெட்டி ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து வெட்டித் திருத்தாதீர்கள்.

ஒன்று போதாது. சுருதி 2 சதவீதம் விலகினாலே, கணக்குப்படி ஒரு பெட்டி 4 டெசிபல்தான் குறைக்கும். டக்டின் நான்கு பக்கமும் ஒரே இடத்தில் நான்கு வைத்தால் 14 டெசிபல். 150 மி.மீ. உள்விட்ட எஃகுக் குழாய் 215 மி.மீ. நீளம் என்றால் 3.8 லிட்டர் ஆகிவிடும். பின்மூடியை உள்ளும் வெளியும் நகர்த்தும்படி செய்தால் பொருத்திய பிறகு சுருதி சேர்க்கலாம். போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போதும். 24 கேஜ் தகரத்தில் பெட்டி செய்யாதீர்கள், பக்கங்களே மத்தளமாக அடிக்கும். திருகுத் துளை வழியே காற்று கசிந்தாலும் சுருதி மாறும், சிலிக்கான் பூசுங்கள். வெளியே நைட்ரைல் ரப்பர் சுற்றாவிட்டால் பெட்டி வியர்த்து ஃபால்ஸ் சீலிங்கில் சொட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் பலனில்லையா? அந்த இடத்தில் ஒலி அழுத்தமே இல்லாமல் இருக்கலாம். டக்டின் நீளத்தில் 66 செ.மீ. (அலைநீளத்தில் கால் பங்கு) தள்ளிப் பொருத்திப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் விசிறிக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருக்கிறது. இதே பெட்டி சரிப்படுமா?

பதில்: சரிப்படாது. வேகம் 960இலிருந்து 800க்கு இறங்கினால் சுருதி 107 ஹெர்ட்ஸ். பெட்டி 128இலேயே காத்திருக்கும். ஒரே வேகத்தில் பூட்டிவைக்க முடியாதென்றால், தடித்த பஞ்சுத் தட்டிகள் கொண்ட நீளமான சைலன்சருக்குச் செலவு செய்யுங்கள்.

கேள்வி: பெட்டி வைத்ததும் ரீங்காரம் போனது, ஆனால் விசில் வருகிறது.

பதில்: சோடா பாட்டில் வாயில் ஊதுவது போல, ஓடும் காற்று கழுத்தின் கூர்விளிம்பில் மோதி ஊதுகிறது. விளிம்பை உருட்டி, வாயின் மேல் மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒட்டுங்கள். ரீங்காரம் முன்பளவு குறையாது. ஆனால் சுருதி சற்று நகர்ந்தாலும் பெட்டி கைவிடாது. பெட்டிக்குள் பஞ்சை அடைத்துவிடாதீர்கள்.