பயாஸில் 75ஐ 150 ஆக்கினால் கார்டுக்குக் கூடுதல் மின்சாரம் வருமா?

ஈசூன் வாசகர் ஒருவரின் கேள்வி: "மகனுக்காகப் பழைய ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். கேம் தொடங்கிய சில நிமிடங்களில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடுகிறது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) ஸ்லாட் பவர் லிமிட் 75 என்று இருக்கிறது. அதை 150 ஆக்கலாமா? ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு வசதியை நிறுத்தச் சொல்கிறான் மகனின் நண்பன். ஷட் டவுன் செய்த பிறகும் கீபோர்டு விளக்கு எரிகிறதே, அது ஏன்? பவர் சப்ளையில் கார்டுக்குத் தனியாக மின்சாரம் தரும் 6 பின் வயர் இல்லை, அதனால் ஹார்ட் டிஸ்குக்கான சாட்டா வயரில் மாட்டும் அடாப்டர் போட்டிருக்கிறேன்."

நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. முதலில் அந்த அடாப்டரைக் கழற்றுங்கள். மதர்போர்டிலேயே மானிட்டர் இணைப்பு இருந்தால், இப்போதைக்குக் கார்டையும் எடுத்துவிட்டு அதில் ஓட்டிக்கொள்ளலாம்.

சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு 3 பின்கள்தான். ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். பெருக்கிப் பாருங்கள், 54 வாட். ஹார்ட் டிஸ்குக்கு அது தாராளம். ஆனால் 6 பின் இணைப்பு என்பது 75 வாட்டுக்கானது. உங்கள் கார்டு, ஸ்லாட்டிலிருந்தும் இந்த இணைப்பிலிருந்தும் சேர்த்து, 120 வாட் எடுக்கும் வகை. பளு ஏறும் கணங்களில் அதையும் தாண்டி இழுக்கும். தனக்கு எதிர்முனையில் இருப்பது சாட்டா வயர் என்று கார்டுக்குத் தெரியாது, 6 பின் என்று நம்பி இழுத்துக்கொண்டே இருக்கும். அணைந்துபோவதோடு நின்றது உங்கள் நல்ல நேரம். இந்த அடாப்டர்களின் பிளாஸ்டிக் உருகிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, அந்த 75க்கு வருவோம். மதர்போர்டில் கார்டைச் செருகும் நீளமான எக்ஸ்16 ஸ்லாட் ஒன்று கிராபிக்ஸ் கார்டுக்குத் தரக்கூடியது 75 வாட். அதில் சுமார் 66 வாட் 12 வோல்ட்டிலும் மிச்சம் 3.3 வோல்ட்டிலும் வருகிறது. பயாஸில் தெரியும் எண், 'இங்கே இவ்வளவுதான் கிடைக்கும்' என்று மதர்போர்டு கார்டுக்குச் சொல்லும் தகவல். அது திறந்துவிடும் குழாய் அல்ல. நம் புளோக் லிஃப்டில் 13 பேர் என்று தகடு இருக்கிறது. அதை 26 என்று மாற்றி எழுதினால் லிஃப்டின் இரும்புக் கயிறு தடித்துவிடுமா? ஸ்லாட்டின் பின்களும் போர்டின் செம்புத் தடங்களும் அதே அளவில்தான் இருக்கும். குறைத்து எழுதினால் சில கார்டுகள் அதை மதித்து அடங்கி ஓடும், கூட்டி எழுதுவதில் லாபமில்லை. 75ஆகவே, அல்லது ஆட்டோவிலேயே விடுங்கள்.

தீர்வு இரண்டுதான். 6 பின் வயர் உள்ள நல்ல பவர் சப்ளை ஒன்று வாங்குங்கள். கம்ப்யூட்டர் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குப் போகுமுன் இப்போதுள்ளதன் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த வாட்டைவிட 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்பதுதான் முக்கியம். அப்புறம், புதியதோடு வரும் வயர்களை மட்டுமே மாட்டுங்கள். வேறு பிராண்டின் வயர் கச்சிதமாகப் பொருந்தினாலும் உள்ளே பின்களின் வரிசை மாறியிருக்கலாம், கார்டே கருகிவிடும். செலவு வேண்டாமென்றால், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற 75 வாட் கார்டுகளில் தனி வயர் கேட்காத மாடலாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏஎஸ்பிஎம் விஷயத்தில் மகனின் நண்பன் சொல்வது வேறொரு நோய்க்கான மருந்து. வேலையில்லாத நேரத்தில் ஸ்லாட்டின் இணைப்பைத் தூங்கவைப்பது அதன் வேலை. கேம் ஓடும்போது அந்த இணைப்புக்குத் தூங்க எங்கே நேரம்? சும்மா இருக்கையில் வைஃபை கார்டோ எஸ்எஸ்டியோ காணாமல் போனால் அதை நிறுத்திப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

கீபோர்டு விளக்கு பழுதல்ல. அணைத்த பிறகும் பவர் சப்ளை 5 வோல்ட்டில் கொஞ்சம் மின்சாரம் விட்டுக்கொண்டே இருக்கும். பயாஸில் இஆர்பி என்று ஒன்று இருந்தால் அதை எனேபிள் செய்யுங்கள், விளக்கு அணைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சேமிப்பு விதிக்காக வந்த வசதி அது. ஆனால் வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்புவதும், அணைத்த கம்ப்யூட்டரில் போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதும் நின்றுபோகும். சுவர் ஸ்விட்சையே தினமும் அணைத்தாலும் சரிதான், என்ன, மதர்போர்டின் சின்ன வட்ட பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும்.