பேஸ்மென்ட்டில் ஓர் இன்ஜினியர்

வணக்கம் சார்,

பாஸ்டன் என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பத்தை (1976) இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிடித்திருக்கிறது, ஆனால் அதை வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஹார்ட் ராக் என்றால் கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் கோபம் இருக்க வேண்டாமா? இது துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. நண்பர் ஒருவர், "அது கார்ப்பரேட் ராக், கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுச் செய்த சரக்கு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். இன்னொரு பக்கம், ஒரே ஆள் வீட்டிலேயே உட்கார்ந்து செய்த ஆல்பம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

கே.

அன்புள்ள கே.,

கம்பெனி கணக்குப் போட்டது உண்மைதான். அந்தக் கணக்குப்படி நடந்திருந்தால் நீங்கள் கேட்கும் ஆல்பம் வந்திருக்காது.

அந்தக் குழுவின் மூளையான டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். போலராய்டு கம்பெனியில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மாசசூசெட்ஸில் வாட்டர்டவுன் என்ற ஊரில் வீட்டு பேஸ்மென்ட்டுக்குள் ஒரு ஸ்டூடியோவைக் கட்டினார். பன்னிரண்டு டிராக் (ஒரே டேப்பில் பன்னிரண்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியலாம்) டேப் மெஷின் ஒன்று, அதற்குப் பக்கத்தில் நெருக்கியடித்து ஆர்கன், டிரம்ஸ். பகலில் ஆபீஸ், ராத்திரியில் பாட்டு. அங்கே செய்த மாதிரிப் பதிவுகளை ஒவ்வொரு ரெக்கார்ட் கம்பெனிக்கும் அனுப்பினார். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பின்னால் அந்த ஆல்பத்தை வெளியிட்ட எபிக் கம்பெனியே ஒருமுறை வேண்டாம் என்றிருக்கிறது.

அப்புறம் எபிக் மனம் மாறியது, ஒரு நிபந்தனையோடு. லாஸ் ஏஞ்சலஸில் முறையான ஸ்டூடியோவில் தயாரிப்பாளரை வைத்து எல்லாவற்றையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். ஷோல்ஸ் பேஸ்மென்ட்டை விட்டு நகர மாட்டேன் என்றார். இங்கேதான் கதை எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறது. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் ஷோல்ஸோடு சேர்ந்துகொண்டு ஒரு திருட்டுத்தனம் செய்தார். மற்ற உறுப்பினர்களை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கூட்டிப்போய், 'லெட் மீ டேக் யூ ஹோம் டுநைட்' என்ற கடைசிப் பாட்டை அங்கே பதிவு செய்தார். வேலை மும்முரமாக நடக்கிறது என்று கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. ஷோல்ஸ் வாட்டர்டவுனில் தனியாக உட்கார்ந்து, ஏற்கெனவே செய்ததைத் தன் மெஷினிலேயே மறுபடி செய்துகொண்டிருந்தார். முடிந்ததும் ஒரு பதிவு வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. பேஸ்மென்ட் ஜன்னல் வழியே கேபிளை உள்ளே விட்டு, டேப்பில் இருந்ததை இருபத்துநான்கு டிராக்குக்கு மாற்றி எடுத்துப் போனார்கள். கம்பெனி கேட்டது ஸ்டூடியோ ஆல்பம். கிடைத்தது பேஸ்மென்ட் ஆல்பம். அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது.

அதனால் உங்கள் நண்பரின் 'கார்ப்பரேட்' எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கிறது. இரண்டாவது பாட்டு 'பீஸ் ஆஃப் மைண்ட்' எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? பதவி ஏணியில் ஏறத் துடிக்கும் ஆபீஸ்காரர்களைப் பற்றி. போலராய்டில் தன் கண்முன்னே பார்த்ததைத்தான் எழுதினார்.

அந்தப் பளபளப்பு கம்பெனி பூசியதல்ல, ஒரு மனிதனின் பிடிவாதம். ஒரே கிட்டார் வரியை மறுபடி வாசித்து முதலில் வாசித்ததன் மேலேயே வைப்பார், அதற்கு மேல் இசைவாக இன்னொன்று. கம்பெனிக்காரனுக்கு இந்தப் பொறுமை ஏது? மூன்றாவது ஆல்பம் வர, இரண்டாவதற்குப் பிறகு எட்டு வருஷம் ஆனது. நடுவில் கம்பெனி கோர்ட்டுக்கே போனது.

ஆனால் 'ஒரே ஆள்' என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். கிட்டார், பேஸ், ஆர்கன் பெரும்பாலும் ஷோல்ஸ்தான். 'லாங் டைம்' பாட்டில் முன்னால் நிற்கும் கிட்டார் பாரி கூட்ரோவினுடையது. டிரம்ஸ் பெரும்பாலும் சிப் ஹாஷியன். 'ராக் அண்ட் ரோல் பேண்ட்' பாட்டில் மட்டும் பழைய டிரம்மர் ஜிம் மாஸ்டியா. எல்லாவற்றுக்கும் மேலே பாடகர் பிராட் டெல்ப். 'மோர் தேன் எ ஃபீலிங்'கில் அவர் குரல் மேலே ஏறிக்கொண்டே போய் கிட்டாரிடம் கைமாறும் இடம் இருக்கிறதே, அதை எந்த இன்ஜினியரும் வரைந்து செய்ய முடியாது. கூட்டமாகக் கேட்கும் பின்குரல்களும் அவருடையவைதான், ஒன்றன்மேல் ஒன்றாக அவரே பாடியவை. அவர் இல்லையென்றால் இது ஒரு நல்ல கிட்டார் ஆல்பம், அவ்வளவுதான். டெல்ப் 2007-ல் இறந்துபோனார்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. பாட்டு வரிகள் சாதாரணம். இசைத்தட்டின் இரண்டாவது பக்கம் முதல் பக்கத்துக்கு ஈடில்லை. 'சம்திங் அபௌட் யூ' வந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன். இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வெறும் பளபளப்பை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர், உங்கள் நண்பரின் கோபம் அவர்கள்மேல் இருந்தால் நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

சரி, அழுக்கு வேண்டும் என்றீர்கள். 'ஹிட்ச் எ ரைடு' பாட்டை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். நடுவில் தனி ஆர்கன் வரும். ஆர்கனில் கிட்டார் கம்பி மாதிரி ஸ்வரத்தை இழுத்து வளைக்க முடியாது. ஆனால் இதில் ஒரு இடத்தில் வளைகிறது. ஓடுகிற டேப் சக்கரத்தை ஷோல்ஸ் விரலால் அழுத்திக் கொஞ்சம் தாமதப்படுத்தியிருக்கிறார். எந்த இடம் என்று நான் சொல்லப்போவதில்லை. கண்டுபிடித்தால் எழுதுங்கள்.