புத்தகம் படித்தும் கையில் காசு நிற்கவில்லையே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷமாக நூலகத்திலிருந்து பணம், முதலீடு பற்றிய புத்தகங்களை எடுத்துப் படித்துக்கொண்டே இருக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, ஆனால் மாதம் 20ஆம் தேதிக்குள் கை காலி. அடுத்து எதைப் படிக்கலாம்?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அக்கா, அடுத்த புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் நூலகங்களில் கிடைக்கும் பணப் புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்குள்ள வரியும் ஓய்வூதியக் கணக்கும் வேறு, நம்முடையது வேறு. நீங்கள் முதலில் படிக்க வேண்டியது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது: சம்பளச் சீட்டு, ஓய்வூதிய நிதி வருஷா வருஷம் அனுப்பும் அறிக்கை, கட்டிலும் ஃபிரிட்ஜும் தவணைக்கு வாங்கிய கடையின் ஒப்பந்தம், ஃபியூனரல் பாலிசிகள் (அடக்கச் செலவுக்கான காப்பீடு).

அந்தக் கடை ஒப்பந்தத்தில் விலையும் வட்டியும் மட்டும் இருக்காது. தொடக்கக் கட்டணம், மாதச் சேவைக் கட்டணம், அப்புறம் கடன் காப்பீடு (கடன் வாங்கியவர் இறந்துவிட்டாலோ வேலை போனாலோ பாக்கியைக் கட்டுவது) என்று ஒரு வரியும் இருக்கும். இந்தக் காப்பீட்டுக்கு 2017இலிருந்து உச்சவரம்பு உண்டு. வீட்டுக்கடன் அல்லாத கடன்களில் பாக்கியுள்ள ஒவ்வொரு 1,000 ராண்டுக்கும் மாதம் 4.50 ராண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. கடை தரும் காப்பீட்டையே எடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை, உங்களிடம் ஏற்கெனவே தகுந்த பாலிசி இருந்தால் அதைக் காட்டலாம். தவணை தவறிய பிறகு சேரும் வட்டியும் கட்டணமும், தவறிய அன்று பாக்கியிருந்த அசல் தொகையைத் தாண்டக் கூடாது என்றும் தேசியக் கடன் சட்டம் சொல்கிறது. கடன் வசூல்காரர் தொலைபேசியில் ஒரு தொகை சொன்னால் நம் ஆட்கள் பயந்து அப்படியே கட்டிவிடுகிறார்கள். அந்தக் கூட்டல் சரியா என்று கேட்பது உங்கள் உரிமை, எழுத்தில் கேளுங்கள்.

ஃபியூனரல் பாலிசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாமியார் பெயரில் ஒன்று, வேலையிடத்தில் ஒன்று, துணிக்கடைக் கணக்கோடு சேர்ந்து வந்தது ஒன்று, வீட்டுக்கு வந்த முகவர் விற்றது ஒன்று என்று ஒரே ஆளுக்கு நாலு பாலிசி ஓடும் வீடுகள் நம்மிடம் நிறைய. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கௌரவமாக அடக்கம் செய்ய வேண்டும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் யார் யார் பெயர் எதில் இருக்கிறது, மாதம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எதையும் நிறுத்துவதற்கு முன் காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்தபின் பணம் கேட்க முடியாத ஆரம்ப மாதங்கள், எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழையதை நிறுத்திவிட்டுப் புதியது எடுத்தால் அந்தக் காலம் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிந்துவைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதையும் வாங்கிப் படியுங்கள், நீங்கள் மறந்துபோன கணக்கு ஒன்று அதில் தலைகாட்டலாம்.

இதில் மாதம் 1,500 ராண்ட் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதிக வட்டிக் கடனுக்குப் போகட்டும். 20 சதவீதம் வட்டி ஓடும் அட்டைக் கடனை அடைப்பதற்கு ஈடான லாபத்தை எந்தச் சேமிப்பும் உங்களுக்கு உறுதியாகத் தராது. கடன் தீர்ந்ததும் அதே 1,500, சம்பளம் விழும் அன்றே, 2015இல் வந்த வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும். வருஷத்துக்கு 8 சதவீதம் என்று ஒரு கணக்குக்கு எடுத்தால் 20 வருஷத்தில் நீங்கள் போட்டது 3,60,000, கையில் இருப்பது ஏறத்தாழ 8,83,000. வளர்ந்ததற்கு ஒரு சென்ட் வரி கிடையாது. வாழ்நாள் வரம்பு 5,00,000 ராண்ட். ஆண்டு வரம்பும் உண்டு, அதை மீறிப் போட்டால் மீறிய தொகையில் 40 சதவீதத்தை வரித்துறை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, வெளியே எடுத்ததைத் திருப்பிப் போட்டால் அது புதிதாகப் போட்டதாகவே கணக்காகும். அதனால் அவசரச் செலவுக்கான பணத்தை இதில் வைக்காதீர்கள்.

கேள்வி: கணவருக்குத் தொழிற்சாலை வேலை, சம்பளம் போதவில்லை. நான் முறுக்கு, சமூசா, தீபாவளிப் பலகாரம் செய்து விற்கலாம் என்கிறேன். பின்கட்டில் ஒரு அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்கிறார் அவர். எது நல்லது?
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: தங்கச்சி, நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்த பிறகு கீரையும் காய்கறியும் பயிரிட்டுக் கூடையில் சுமந்து விற்றுத்தான் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. எனக்கு உங்கள் பக்கம்தான் சாய்வு, ஏனென்றால் பலகாரத்துக்குப் போடும் முதலீடு குறைவு, சரிவராவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். அறை கட்டக் கடன் வாங்கினால் நிறுத்த முடியாது.

ஆனால் விலை வைக்கும்போது மாவும் எண்ணெயும் மட்டும் கணக்குப் போடாதீர்கள். மின்சாரம், பொட்டலம், கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல், உங்கள் உழைப்பு நேரம் எல்லாம் அதில் வர வேண்டும். சொந்தக்காரர்கள் “நம்ம வீட்டுப் பிள்ளைதானே” என்று குறைத்துக் கேட்பார்கள், அன்பாக மறுத்துவிடுங்கள். 2018ஆம் ஆண்டு வந்த ஆர்638 விதிப்படி உணவு செய்து விற்கும் இடத்துக்கு நகராட்சியின் சுகாதாரப் பிரிவிலிருந்து ஏற்புச் சான்றிதழ் வேண்டும். அவர்கள் வந்து சமையலறையைப் பார்ப்பார்கள். விற்ற பணத்துக்கு வேறொரு வங்கிக் கணக்கு திறங்கள். வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் லாபம் வந்ததா என்று உங்களுக்கே தெரியாது.

அறை யோசனையை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே அனுமதி பெற்ற பின்கட்டு இருந்தால் அது நல்ல வருமானம். புதிதாகக் கட்டுவதானால் முதலில் வரைபடத்துக்கு நகராட்சி அனுமதி, அப்புறம்தான் செங்கல். குடியிருப்பவர் தரும் வைப்புத்தொகையை வட்டி வரும் கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டம், அதை எடுத்துச் செலவழித்துவிடக் கூடாது. வாடகை தராவிட்டாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது, பூட்டை மாற்றுவதும் குற்றம். இரண்டு மூன்று மாதம் வாடகை வராமல் போனால் தாங்குமா என்று கணவரும் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள்.

வரி: இரண்டும் வருமானம், இரண்டையும் வரித்துறையான சார்ஸின் படிவத்தில் காட்ட வேண்டும். வாடகையிலிருந்து பழுதுபார்ப்பு, அந்த அறைக்குரிய நகராட்சி வரி, கடன் வட்டி ஆகியவற்றைக் கழிக்கலாம். கட்டுமானச் செலவைக் கழிக்க முடியாது. தொழில் வருமானத்துக்கு முன்கூட்டிய வரி முறையும் பொருந்தலாம். ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் தாக்கல் செய்வது அது. ரசீதுகளை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

கேள்வி: ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தான். மாதம் 10 சதவீதம் தருகிறார்களாம், அவனுக்கு இரண்டு மாதம் வந்துவிட்டது. நானும் போடலாமா?
– ஒரு வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம் தம்பி. அண்ணனுக்கு வந்த இரண்டு மாதப் பணம் எதற்கும் சாட்சி ஆகாது, உங்களைப் போன்றவர்கள் போடுகிற பணத்திலிருந்துதான் அதை எடுத்துக் கொடுப்பார்கள். பிட்காயினைக் காட்டி ஆள் சேர்த்த மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் பற்றி நிதித் துறைக் கண்காணிப்பு ஆணையம் 2020 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. அப்போதும் பணம் வந்துகொண்டிருந்ததால் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் அது சரிந்தது. அந்த ஆணையத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் உரிமம் உண்டா என்று தெரிந்துவிடும். அண்ணனிடமும் இதைச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: வயது 52. ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து 30,000 ராண்ட் எடுத்து, வார இறுதியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் பழைய பேக்கி (சிறு சரக்கு வண்டி) ஒன்று வாங்க முன்பணம் கட்டலாமா?
– ஒரு வாசகர், டோங்காட்

பதில்: ஐயா, 2024 செப்டம்பர் 1 முதல் நீங்கள் நிதிக்குச் செலுத்துவதில் மூன்றில் ஒரு பங்கு, ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய இந்தச் சேமிப்புப் பகுதிக்குப் போகிறது. வரி ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் எடுப்பது அந்த ஆண்டுச் சம்பளத்தோடு சேர்த்து வரி போடப்படும். நீங்கள் 26 சதவீத வரிப் படியில் இருந்தால் 7,800 போய்க் கையில் வருவது 22,200, அதில் நிதியின் கட்டணமும் கழியும். பழைய வரிப் பாக்கி இருந்தால் சார்ஸ் அதையும் முதலில் பிடித்துக்கொள்ளும். அதே பணத்தை ஓய்வு வரை விட்டுவைத்தால், மொத்தமாக எடுக்கும் தொகையில் முதல் 5,50,000 ராண்டுக்கு இப்போதைய விதிப்படி வரி இல்லை.

வேலை கிடைக்கும் என்பது நிச்சயமா என்று முதலில் பாருங்கள். ஒரு பேக்கியை நாள் வாடகைக்கு எடுத்துச் சில வார இறுதிகள் ஓட்டிப் பாருங்கள். வாடகையும் டீசலும் போக மிஞ்சுகிறதா என்று எழுதி வையுங்கள். மிஞ்சினால், அந்த மிச்சத்திலிருந்தே முன்பணம் சேரட்டும். அதற்கு ஒரு வருஷம் ஆகலாம், ஆகட்டும்.